முஸ்தபா ஏன் தானாக ஓடினான்?

ஆடி பிறந்து சாரல் பிடித்துவிட்டால் மேகமலை மணலாற்றில் சன்னலைத் திறந்து வைக்க முடியாது. மேகம் நேரே வீட்டுக்குள் வந்துவிடும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரம் போகாது. தீக்குச்சியை உரசினால் மருந்து உதிருமே தவிரப் பற்றாது. அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சிக்னல் கிடைக்கும் திருப்பம் வரை நடந்து வந்து தங்கை மகன் எனக்குப் போன் செய்தான்.

"மாமா, முஸ்தபா தானா ஓடுறான்."

"குச்சி லேசா சாஞ்சிருக்கும் மாப்ள, பாரு."

"இல்ல மாமா. எல்லாரும் கைய எடுத்துட்டுப் பாத்தோம். அப்பவும் ஓடுறான். நிக்கிறான், திரும்ப ஓடுறான்."

சின்னமனூரில் முப்பது வருடமாக ரேடியோ, டிவி பழுது பார்த்து வருகிறேன். 'தானா' என்ற சொல் என் கடைக்கு வராத நாளில்லை. டிவி தானா அணைகிறது, ரேடியோ தானா கத்துகிறது. மின்சாரத்தில் எதுவும் தானாக நடப்பதில்லை. இடையில் இருக்கும் ஏதோ ஒன்று, நடக்காததை நடந்ததாகச் சொல்லியிருக்க வேண்டும். மேகமலை உச்சியில் மூன்று பிள்ளைகள் விளையாடும் ஒரு மரப்பெட்டிக்குள் அப்படிச் சொன்னது யார் என்று தேடியதில், விரலுக்கும் திரைக்கும் நடுவில் எவ்வளவு நடக்கிறது என்று முதல்முறையாக முழுதாகப் பார்த்தேன்.

முஸ்தபாவைத் தொண்ணூறுகளில் சிறுவராக இருந்தவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-இல் 'கேடிலாக்ஸ் அண்டு டைனோசர்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. மார்க் ஷூல்ட்ஸ் என்ற அமெரிக்கரின் படக்கதையிலிருந்து எடுத்தது. அதில் நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய நான்கு பேரில் ஒருவன் முஸ்தபா கெய்ரோ. ஆட்டத்தின் நீளமான பெயர் நம் வாயில் நுழையவில்லை. முஸ்தபா கேம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நம் ஊரில் மட்டுமல்ல, இந்தியாவின் பல பகுதிகளிலும் இதே கதைதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் திரை போட்டு இருட்டாக்கிய கடைக்குள் ஆளுயரப் பெட்டிகள் நிற்கும். ஒரு ரூபாய்க் காசு போட்டவனைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று வழி சொல்வார்கள். அந்தப் பெட்டிகள் பழுதானால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பின்பக்கக் கதவைத் திறந்து உள்ளே பார்த்த பழக்கம் எனக்கு அப்போதிருந்தே உண்டு.

அந்தப் பழைய பெட்டிகளில், பட்டனுக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் நிற்கும் என்கோடர் என்ற பொருளே கிடையாது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1985-இல் ஜப்பானில் ஆட்டப்பெட்டி தயாரிப்பாளர்கள் சேர்ந்து ஜாமா என்ற பொது இணைப்பு முறையை வகுத்தார்கள். சீப்புப் பல் போல 56 முனைகள். ஸ்பீக்கருக்கு இது, படத்துக்கு இது, முதல் ஆளின் குச்சி மேலே போனால் இது, காசு விழுந்தால் இது என்று ஒவ்வொன்றுக்கும் தனி முனை. பட்டனிலிருந்து கிளம்பும் ஒயர் வேறெங்கும் நிற்காமல் ஆட்ட போர்டுக்கே போய்ச் சேரும். கடைக்காரர் அலுத்துப்போன ஆட்டத்தின் போர்டை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினால் போதும், பெட்டி புது ஆட்டத்துக்கு மாறிவிடும். விரலுக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் ஆள் கிடையாது.

வீட்டில் செய்யும் பெட்டிக்குள் இருப்பதோ சாதாரணக் கம்ப்யூட்டர். அதில், இத்தாலிக்காரர் நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில் வெளியிட்டு, இன்றுவரை பலர் சேர்ந்து வளர்த்துவரும் மேம் என்ற நிரல் ஓடுகிறது. பழைய ஆட்ட போர்டு எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே இது நடந்துகொள்ளும். ஆனால் கம்ப்யூட்டரின் உடம்பில் 56 முனைச் சீப்பு இல்லை. இருப்பது யூஎஸ்பி ஓட்டை. 24 பட்டன்களின் ஒயர்களை ஒரு யூஎஸ்பி ஓட்டைக்குள் எப்படிச் செருகுவது? நடுவில் ஒருவர் நின்று, "இப்போது இரண்டாம் ஆள் குதித்தான், இப்போது முதல் ஆள் கையை எடுத்தான்" என்று கம்ப்யூட்டரின் மொழியில் சொல்ல வேண்டும். அந்த ஆள்தான் என்கோடர். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு போர்டு.

எங்கள் பெட்டி இந்த வருடம் மே மாத விடுமுறையில் உருவானது. தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் பலகை, சின்னமனூர்த் தச்சர் கைவேலை, என் கடையில் கிடந்த மானிட்டர், பழைய கம்ப்யூட்டர். முஸ்தபா மூவர் ஆடும் ஆட்டம். ஆளுக்கு ஒரு குச்சி என்றால் நான்கு திசைக்கு நான்கு சுவிட்ச், அடிக்க ஒன்று, குதிக்க ஒன்று, தொடங்க ஒன்று, காசுக்கு ஒன்று. ஆளுக்கு எட்டு, மூவருக்கு 24. இந்த 24 என்ற எண்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

முதலில் ஒரு பட்டனைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். மேலே இருக்கும் வண்ணக் குமிழ் வெறும் பிளாஸ்டிக். அடியில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அதற்கு மூன்று கால். மைக்ரோ சுவிட்ச் என்பார்கள். 1932-இல் அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட் நகரில் பீட்டர் மெக்கால் கண்டுபிடித்தது. உள்ளே வளைத்து வைத்த மெல்லிய தகடு. நாம் மெதுவாக அழுத்திக்கொண்டே போனாலும் தகடு அதுவரை அசையாமல் இருந்து, ஒரு கட்டத்தில் 'டிக்' என்று ஒரே தாவலில் மறுபக்கம் விழும். விரலின் வேகம் வேறு, அதன் வேகம் வேறு. எண்பது வயதுக் கிழவர் அழுத்தினாலும் எட்டு வயதுப் பிள்ளை அழுத்தினாலும் தகடு ஒரே மாதிரிதான் தாவும். குச்சியின் அடியிலும் இதே சுவிட்ச் நான்கு இருக்கும். ஆனால் இடம் மாறியிருக்கும். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் அதன் அடிமுனை இடப்பக்கம் போய் மோதும். அதனால் வலதுக்கான ஒயரை இடப்பக்கச் சுவிட்சில்தான் ஈயம் வைத்துப் பிடிக்க வேண்டும். முதல் நாள் எங்கள் முஸ்தபா எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ததற்குக் காரணம் இதுதான்.

என்கோடர் தேடலில் நாங்கள் தொடங்கிய இடம், பலரும் தொடங்கும் இடம்தான். பழைய கீபோர்டைப் பிரித்து, அதற்குள் இருக்கும் சின்ன போர்டை எடுத்துப் பட்டன்களை இணைத்தோம். செலவில்லை. ஒருவர் ஆடும்போது நன்றாகத்தான் இருந்தது. மூவரும் சேர்ந்ததும் யாராவது ஒருவன் குதிக்கவில்லை. சண்டை வந்தது. "நீ அழுத்தவே இல்ல" என்று ஒருவன், "நூறு தடவ அழுத்துனேன்" என்று இன்னொருவன். இருவருமே பொய் சொல்லவில்லை.

கீபோர்டில் நூற்றுக்கு மேல் சாவிகள் இருக்கின்றன. நூறு ஒயர் இழுத்தால் கட்டுப்படியாகாது. எனவே ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டித் தறியில் பாவும் ஊடும் போல, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளை ஓடவிட்டிருப்பார்கள். எட்டுக் கோடு இப்படி, பதினெட்டுக் கோடு அப்படி என்றால் 144 சந்திப்புகள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு சாவி. 26 ஒயரில் வேலை முடிந்தது. நுணுக்கமான ஏற்பாடு, மறுக்க முடியாது. தட்டச்சு செய்பவர் ஒரு நேரத்தில் ஒரு சாவியைத்தான் அழுத்துவார், கூடவே ஷிஃப்ட் என்றால் இரண்டு. அவருக்கு இது போதும்.

இனி, துணியில் ஒரு கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாவு நூல், இரண்டு ஊடு நூல், நான்கு மூலைகள். மூன்று மூலைகளில் சாவியை அழுத்தினால் என்ன ஆகும்? முதல் பாவிலிருந்து கிளம்பும் மின்சாரம் முதல் சாவி வழியாக ஊடுக்கு இறங்கி, அடுத்த சாவி வழியாக இரண்டாம் பாவுக்கு ஏறி, மூன்றாவது சாவி வழியாக இரண்டாம் ஊடுக்கு வந்துவிடும். நான்காவது மூலையை யாரும் தொடவில்லை. ஆனால் போர்டின் கண்ணுக்கு அதுவும் அழுத்தப்பட்டதாகத்தான் தெரியும். ஆவிச் சாவி என்று இதைச் சொல்லலாம். ஒவ்வொரு சாவிக்கும் ஒரு டயோடு வைத்தால் மின்சாரம் பின்னோக்கி ஏறாது, ஆவி வராது. மலிவுக் கீபோர்டில் டயோடு இருக்காது. எனவே அதன் போர்டு ஒரு தந்திரம் செய்கிறது. கட்டத்தில் மூன்று மூலை நிரம்பினால் சந்தேகப்பட்டு, கடைசியில் வந்த சாவியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. பொய் சொல்லக் கூடாது என்பதற்காக உண்மையையும் விழுங்கிவிடுகிறது. எங்கள் வீட்டுச் சண்டையின் மூலம் இதுதான்.

டயோடு வைத்த கீபோர்டே கிடைத்தாலும் இன்னொரு இடம் இடிக்கும். யூஎஸ்பி கீபோர்டு கம்ப்யூட்டருக்கு அனுப்பும் அடிப்படைச் செய்தி எட்டு பைட்டு நீளமுள்ள ஒரு சீட்டு. முதல் பைட்டில் ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் வகைச் சாவிகள் எட்டுக்கும் ஆளுக்கொரு பிட். அடுத்த பைட்டு ஒதுக்கி வைக்கப்பட்டது. மீதமுள்ள ஆறு பைட்டுகளில் ஆறு சாவிகளின் எண்களை எழுதலாம். ஏழாவதுக்கு இடமில்லை. மூன்று பிள்ளைகள் ஆளுக்கு ஒரு திசையில் குச்சியைச் சாய்த்து, அடியையும் குதியையும் சேர்த்து அழுத்தினால் ஒன்பது. முஸ்தபாவில் அடியையும் குதியையும் சேர்த்து அழுத்துவதுதான் உயிர்காக்கும் வித்தை. நம் உயிரில் கொஞ்சம் குறையும், சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் தெறித்து விழுவார்கள். மூவரும் வளைக்கப்பட்டு மூவரும் ஒரே நேரத்தில் அதைச் செய்வதுதான் அந்த ஆட்டத்தின் உச்சம். சரியாக அந்த நொடியில் சீட்டில் இடம் தீர்ந்துவிடுகிறது.

அடுத்து வாங்கியது, 'ஜீரோ டிலே' என்று இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் போர்டு. ஆளுக்கு ஒன்று. இது கம்ப்யூட்டரிடம் தன்னை விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி என்று அறிமுகம் செய்துகொள்ளும். சீட்டில் பட்டனுக்கு ஒரு பிட் என்பதால் இடப்பற்றாக்குறை கிடையாது. ஒயர்கள் முனையில் கிளிப்போடு வருவதால் ஈயம் வைக்கும் வேலையும் இல்லை. தனியாகவோ இருவராகவோ ஆட, சமவெளியில், சுவிட்சைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு பெட்டி வேண்டும் என்பவர்களுக்கு நான் இன்றும் இதைத்தான் சொல்வேன். எங்களுக்கு உதைத்தது வேறு. மூன்றும் ஒரே அச்சில் வார்த்த பிள்ளைகள் போல ஒரே பெயர், ஒரே அடையாள எண். கரண்டு போய் வரும் ஒவ்வொரு தடவையும் யார் முதல் ஆள், யார் மூன்றாம் ஆள் என்று மாறிப்போகும். மலையில் கரண்டு எத்தனை தடவை போகும் என்று சொல்லத் தேவையில்லை.

பெயரில் இருக்கும் 'தாமதமே இல்லை' என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். யூஎஸ்பியில் போர்டு தானாக வாயைத் திறக்க முடியாது. கம்ப்யூட்டர் கேட்டால்தான் பதில் சொல்லலாம். வகுப்பில் வாத்தியார் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருவது மாதிரி. மெதுவான வகைச் சாதனம் என்றால் 10 மில்லி நொடிக்கு ஒருமுறைக்கு மேல் கேட்கச் சொல்ல விதிப்படி வழியில்லை. முழு வேக வகை என்றால் 1 மில்லி நொடிக்கு ஒருமுறை கேட்கச் சொல்லலாம். ஆட்டமோ நொடிக்கு ஏறக்குறைய 60 படங்கள், படத்துக்கு 16.7 மில்லி நொடி. ஒவ்வொரு படத்துக்கும் ஒருமுறைதான் "எந்தப் பட்டன் அழுந்தியிருக்கிறது" என்று ஆட்டம் பார்க்கும். 10 மில்லி நொடிக்கு ஒருமுறை கேட்டால் சராசரியாக 5 மில்லி நொடி காத்திருப்பு. கணக்குப் போட்டால் பத்து அழுத்தலில் மூன்று, வர வேண்டிய படத்துக்கு வராமல் அடுத்த படத்துக்குத் தள்ளிப்போகும். 1 மில்லி நொடிக்கு ஒருமுறை கேட்டால் நூறில் மூன்று. ஒரு படம் பிந்துவதை நம் கண் தனியாகப் பிரித்து அறியாது. ஆனால் சில அழுத்தல் உடனேயும் சில அழுத்தல் பிந்தியும் வருவதைக் கை உணர்கிறது. "என்னமோ வழுக்குது மாமா" என்று மருமகன் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆயத்தமாகக் கிடைப்பவற்றில் மதிக்கத்தக்க இன்னொரு வகை உண்டு. இங்கிலாந்தின் அல்டிமார்க் செய்யும் ஐ-பேக், பெட்டி கட்டுபவர்கள் நடுவே நெடுநாளாகப் பேர் பெற்றது. கீபோர்டு என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டாலும் உள்ளே பாவும் ஊடும் கிடையாது. பட்டனுக்கு ஒரு தனி முனை, ஜாமா காலம் போலவே. மேம் எந்தெந்தச் சாவிகளை எதிர்பார்க்குமோ அதே சாவிகளோடு வருவதால் செருகியதும் ஆடலாம். நிரல் எழுதத் தெரியாதவர்கள் காசு செலவழிக்கத் தயாராக இருந்தால் இந்த வகைதான் சரி.

மருமகனுக்கு நிரல் எழுத வரும். எனக்கு ஈயம் வைக்க வரும். அதனால் 2021 ஜனவரியில் நான்கு டாலர் விலையில் அறிமுகமான ராஸ்பெர்ரி பை பைக்கோ என்ற சின்ன போர்டை எடுத்தோம். அதில் நாம் பயன்படுத்திக்கொள்ளக் கூடிய முனைகள் 26. நமக்கு வேண்டியது 24. டயோடு வேண்டாம், பாவு ஊடு வேண்டாம், ஒவ்வொரு பட்டனுக்கும் அதற்கென்றே ஒரு ஒயர். மூன்று பேருக்கும் ஒரே போர்டு என்பதால் ஆள் மாறாட்டமும் இல்லை. கீபோர்டு என்றுதான் அறிமுகம், ஆனால் ஆறு எண் எழுதும் சீட்டுக்குப் பதிலாக 24 பிட்டுகள் கொண்ட சீட்டை அவன் வகுத்தான். மூன்றே பைட்டு. எட்டு பைட்டில் அடங்காதது மூன்று பைட்டில் அடங்கியது. கேட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. நிரலின் மூன்று பைட்டையும் அவன் ஒரு நோட்டுத் தாளில் 24 கட்டங்களாக வரைந்து, கட்டத்துக்கு ஒரு பட்டன் பெயர் எழுதி, பெட்டியின் உள்கதவில் ஒட்டி வைத்திருக்கிறான்.

அடுத்த வேலை, அதிர்வை அடக்குவது. சுவிட்சுக்குள் தகடு தாவி விழுகிறது என்றேனே, அது விழுந்த இடத்தில் அப்படியே உட்காருவதில்லை. கல்தரையில் போட்ட கோலிக்குண்டு மாதிரி துள்ளும். ஒரு மில்லி நொடி, இரண்டு மில்லி நொடி, சில சுவிட்சில் இன்னும் கூடுதலாக. அதற்குள் பலமுறை ஒட்டிப் பிரிந்துவிடும். நமக்கு ஒரு 'டிக்'. பைக்கோவுக்கு அது ஏழெட்டு அழுத்தல். முஸ்தபாவில் குச்சியை முன்பக்கம் இரண்டு முறை தட்டினால் ஓட்டம். துள்ளலை அப்படியே நம்பினால், நடக்கச் சொன்னவன் ஓடுவான்.

இதை அடக்க இரண்டு வழி. சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து, நிலைத்த பிறகு சொல்வது ஒன்று. முதல் தொடுதலிலேயே "அழுத்தியாயிற்று" என்று சொல்லிவிட்டு, அடுத்த 5 மில்லி நொடிக்கு அந்தப் பட்டன் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் இருப்பது மற்றொன்று. இரண்டாவதில் தாமதம் இல்லை. நாங்கள் அதைத்தான் எடுத்தோம்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் சுஜாதா நினைவுக்கு வருவார். கதைகளுக்காகவும் அறிவியல் கேள்வி பதில்களுக்காகவும் அந்தப் பெயரில் நாம் படித்த எஸ். ரங்கராஜன், பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் உருவானதை மேற்பார்வையிட்டவர். வாக்காளர் முன்னால் இருப்பது 16 பட்டன் கொண்ட ஒரு பலகை. அதிலிருந்து 5 மீட்டர் ஒயர், அதிகாரி மேசையில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகிறது. பட்டன், ஒயர், எண்ணும் போர்டு. எலும்புக்கூட்டைப் பார்த்தால் எங்கள் மரப்பெட்டிக்குச் சித்தப்பா முறை. 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதலில் பயன்பட்டது. அதற்கு அப்போது சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், பிறகு சட்டத்தைத் திருத்தியதும், 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க வந்ததும் தெரிந்த வரலாறு.

துள்ளும் தகடு அந்த எந்திரத்துக்கும் பிரச்சினைதான். ஒரு விரல் இரண்டு வாக்காகிவிடக் கூடாது. ஆட்டத்தில் நாங்கள் 5 மில்லி நொடி காதைப் பொத்திக்கொள்கிறோம். அந்த எந்திரமோ முதல் அழுத்தலை வாங்கியதும் முழுதாகப் பூட்டிக்கொள்கிறது. விளக்கு எரியும், 'பீப்' கேட்கும், அதன் பிறகு அந்தப் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் பயனில்லை. மேசையில் இருக்கும் அதிகாரி அடுத்த வாக்காளருக்காகத் தன் பட்டனை அழுத்தினால்தான் மீண்டும் திறக்கும். நிமிடத்துக்கு ஐந்து வாக்குக்கு மேல் ஏறாதபடி வேகத்தையே கட்டி வைத்தார்கள், சாவடியைக் கைப்பற்றியவன் கண்டபடி குத்தித் தள்ள முடியாமல் இருக்க. எங்களுக்கு வேகம் வேண்டும், அவர்களுக்கு நிதானம் வேண்டும். கேள்வி ஒன்றுதான்: அழுத்தியது விடுபடக் கூடாது, அழுத்தாதது சேரக் கூடாது. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தப் பெட்டிகள் கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேகமலைக்கு வருகின்றன.

மே மாதம் எல்லாம் சரியாக இருந்தது. ஆடியில் முஸ்தபா தானாக ஓடினான்.

காலாண்டு விடுமுறையில்தான் என்னால் மலையேற முடிந்தது. தென்பழனி சோதனைச் சாவடி தாண்டி வளைவுகளில் பஸ் ஏறும்போதே சட்டை ஈரமாகிவிட்டது. பெட்டியைத் திறந்து பைக்கோ போர்டின் மேல் விரலை வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம். தேயிலைத் தூசியும் சேர்ந்து லேசான பிசுக்கு. மருமகன் சொன்ன கோளாறுகளும் இரண்டு வகையாக இருந்தன. சில பட்டன்கள் அழுத்தாமலே அழுத்தியதாகச் சொல்கின்றன. சில பட்டன்களை முதல் தடவை அழுத்தினால் கேட்பதில்லை, நாலைந்து முறை குத்தினால்தான் கேட்கின்றன. ஒன்று இல்லாததைச் சொல்வது, இன்னொன்று இருப்பதை விடுவது. நேரெதிர் நோய்கள். இரண்டுக்கும் மூலம் ஒன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பைக்கோ ஒரு பட்டனை எப்படி அறிகிறது என்று பார்த்தால் விளங்கும். முனையை ஒரு ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டுக்கு மேலே இழுத்துப் பிடித்திருக்கும். பட்டனை அழுத்தினால் முனை கிரவுண்டில் ஒட்டி, வோல்ட்டேஜ் சுழிக்கு இறங்கும். மேலே இருந்தால் சும்மா இருக்கிறது, கீழே வந்தால் அழுத்தியிருக்கிறது. இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர் பைக்கோவுக்குள்ளேயே உண்டு. தனியாக வைக்க வேண்டியதில்லை என்பதால் எல்லாரும் அதையே பயன்படுத்துவார்கள். நாங்களும் அப்படித்தான். அதன் அளவு 50 கிலோ ஓமுக்கு மேல். கைப்பிடி மிகவும் பலவீனம்.

போர்டின் மேல் படிந்த ஈரம், முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் இன்னொரு ரெசிஸ்டராக உட்கார்ந்துகொள்கிறது. அது 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், மேலே இழுக்கும் 60 கிலோ ஓமை அது சுலபமாக வென்று வோல்ட்டேஜை அரை வோல்ட்டுக்குக் கீழே கொண்டுவந்துவிடும். பைக்கோ அதை அழுத்தல் என்றே நம்பும். ஈரம் கொஞ்சம் காய்ந்து, கொஞ்சம் படிந்து, எல்லைக்கோட்டில் தள்ளாடும்போது மேலும் கீழுமாக இரண்டு முறை தட்டும். முன்பக்கம் இரண்டு தட்டு. முஸ்தபா ஓடுகிறான்.

கேட்காத பட்டனின் கதை சுவிட்சுக்குள் இருக்கிறது. அதன் தொடுமுனைகள் பெரும்பாலும் வெள்ளி. ஈரமும் காற்றில் உள்ள கந்தகமும் சேர்ந்தால் வெள்ளி கறுக்கும் என்பது கொலுசு போட்ட எல்லாருக்கும் தெரியும். அந்தக் கறுப்புப் படலம் மின்சாரத்தைத் தடுக்கும். அந்தச் சுவிட்ச், மோட்டாரையே ஓட்டும் அளவு மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது. பெரிய மின்சாரம் பாயும்போது படலத்தைப் பொசுக்கிக்கொண்டு போய்விடும். நாம் அதில் விடுவதோ 60 மைக்ரோ ஆம்பியர் போல. எறும்பின் பலம். படலத்தைத் துளைக்க அதனால் ஆகாது. ஐந்தாறு முறை குத்தும்போது தகடு உரசிப் படலம் கீறிய பிறகுதான் வழி கிடைக்கிறது. தொடுமுனை உயிரோடு இருக்க ஒரு குறைந்தபட்ச மின்சாரம் ஓட வேண்டும் என்பதை டெலிபோன் காலத்துப் பொறியாளர்களே அறிந்திருந்தார்கள். 'நனைக்கும் மின்னோட்டம்' என்று அதற்குப் பெயர். ஈரத்தால் வந்த நோய்க்கு அப்படியொரு பெயருள்ள மருந்து.

இரண்டு நோய்க்கும் மருந்து, ஒரு ரூபாய் பெறாத ரெசிஸ்டர். பழுப்பு, கறுப்பு, சிவப்பு வளையம் போட்ட 1 கிலோ ஓம். முனைக்கு ஒன்றாக 24 வைத்து ஈயம் பிடித்தேன். ஈரம் அதே 10 கிலோ ஓமாக வந்து உட்கார்ந்தாலும் இப்போது வோல்ட்டேஜ் 3-க்குக் கீழே இறங்காது. இல்லாத அழுத்தல் போயிற்று. பட்டனை அழுத்தும்போது பாயும் மின்சாரம் 3.3 மில்லி ஆம்பியர், பழையதைப் போல ஐம்பது மடங்கு. விடுபட்ட அழுத்தல் திரும்ப வந்தது. 24 பட்டனையும் ஒன்றாக அழுத்தினால்கூட 80 மில்லி ஆம்பியர்தான், யூஎஸ்பி தாராளமாகத் தரும். கடைசியாக போர்டைத் துடைத்துக் காயவைத்து, தங்கையிடம் நிறமில்லாத நெயில் பாலிஷ் வாங்கி முனைகளின் மேல் ஒரு பூச்சு. வாங்கும்போது எந்த விளம்பரத்திலும் இந்த ரெசிஸ்டரின் அளவைப் பார்க்க முடியாது. வேகத்தைப் போட்டிருப்பார்கள், விளக்கு எத்தனை நிறத்தில் எரியும் என்று போட்டிருப்பார்கள். மலையிலோ கடலோரத்திலோ இருப்பவர்கள் என்கோடர் வாங்கினால், மல்டிமீட்டரை எடுத்து பட்டன் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே எத்தனை ஆம்பியர் பாய்கிறது என்று அளந்துவிடுங்கள் என்பேன். ஒரு மில்லி ஆம்பியருக்குக் குறைவாக இருந்தால் ரெசிஸ்டர் போடுங்கள்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தேர்தல் நாளன்று வாக்குப்பதிவு தொடங்குமுன், ஏஜென்ட்டுகளை வைத்துக்கொண்டு குறைந்தது 50 வாக்குகளை மாதிரிக்குப் போட்டு எண்ணிக் காட்டுவார்கள். நாங்களும் அதையே செய்தோம். மருமகன் 24 பெட்டிகளில் எண்ணிக்கை காட்டும் சின்ன நிரல் எழுதினான். பட்டனுக்கு 50 அழுத்தல், மொத்தம் 1200. ஒருவன் அழுத்த, ஒருத்தி சத்தமாக எண்ண, மூன்றாமவன் நோட்டில் குறிக்க. ரெசிஸ்டர் வைக்குமுன் முந்தின நாள் இரவு இதே சோதனையில் 43, 47, 39 என்று வந்திருந்தது.

சன்னல் திறந்தே இருந்தது. வேண்டுமென்றேதான் திறந்து வைத்தோம். மேகம் உள்ளே வந்து குண்டு பல்பைச் சுற்றி நின்றது. முதல் ஆளின் எட்டும் 50. இரண்டாம் ஆளின் எட்டும் 50. மூன்றாம் ஆளின் குச்சி 50, 50, 50, 50. அடி 50. குதி 51.

"ஒண்ணுதானே மாமா, அஞ்ச எட்டாக்கிடவா?" என்றான். காதைப் பொத்தும் நேரத்தை 8 மில்லி நொடி ஆக்கினால் எண்ணிக்கை சரியாகிவிடும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மற்ற 23 சுவிட்சுகளும் ஒழுங்காகச் சொல்லும்போது ஒன்றுக்காக எல்லாரையும் தாமதப்படுத்த மனம் வரவில்லை. அந்தச் சுவிட்சைக் கழற்றி, நெம்பித் திறந்து, கடையில் வாட்ச் பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். தகடு வளையும் இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. விழுந்த இடத்தில் உட்காராமல் கூடுதலாகத் துள்ளியது அதனால்தான். வேறு சுவிட்சை மாட்டி மறுபடி தொடங்கினோம். கடைக்குட்டி ஒவ்வொன்றாக அழுத்தி, தன் குரலில் எண்ணிக்கொண்டே வந்தாள். ஐம்பதில் நிறுத்தித் திரையைப் பார்த்தாள். பிறகு பைக்குள்ளிருந்து நான் கொண்டுபோன பழைய ஒரு ரூபாய்க் காசை எடுத்துக் கேட்டாள், இதை எங்கே போடுவது என்று.